நடு ஓடைக்கு அக்கரையில் இருந்த சட்டம்

சத்துர்னீனா பராகான் ஒரே ஒருவனுடைய பெயரைச் சொல்லும்போது மட்டும் தரையில் துப்புவாள். தேவாலயத்துக்குள் இருந்தாலும் துப்புவாள். பாதிரியார் ஒருமுறை கண்டித்தபோது, "சாமி, நீங்க சாத்தான் பேரைச் சொன்னா சிலுவை போட்டுக்கறீங்க. நான் இவன் பேரைச் சொன்னா துப்பிக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பாதிரியார் அதன்பிறகு அவளைக் கண்டிக்கவில்லை.

அந்த ஒருவன் எவாரிஸ்தோ மொயானோ. எங்கள் லாஸ் எஸ்பினியோஸ் வட்டாரத்தின் நீதிபதி. நீதிபதி என்று சொல்லும்போது என் வாயே கசக்கிறது. படித்தவனும் இல்லை, நியாயம் தெரிந்தவனும் இல்லை. ஒரு குதிரைச் சவுக்கு, நான்கு சிப்பாய்கள், முற்றத்தில் கைதிகளின் கால்களை மாட்டிப் பூட்டும் ஒரு தொழுமரம். அவ்வளவுதான் அவனுடைய நீதிமன்றம்.

நாங்கள் இருந்தது நடு ஓடையின் தென்கரையில். எங்கள் கரை பியூனஸ் அயர்ஸ் மாகாணம். எதிர்க்கரை சாந்தா ஃபே மாகாணம். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரம். அந்தப் பக்கத்து நாய் குரைத்தால் இந்தப் பக்கத்துக் கோழி ஓடும். இந்தச் சின்ன ஓடை ஒரு தாயின் நெஞ்சை இரண்டாகப் பிளக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

சத்துர்னீனாவின் கணவன் பவுத்திஸ்தா மாட்டுவண்டி ஓட்டுபவன். சிரித்த முகம். யார் கேட்டாலும் வண்டியில் ஏற்றிக்கொள்வான். ஒருமுறை சான் நிக்கோலாஸ் துறைமுகத்தில் ஒரு படகுக்காரன் மிச்சம் இருந்த வண்ணத்தை அவனுக்குச் சும்மா கொடுத்தான். வான நீலம். பவுத்திஸ்தா அதை வண்டியின் பக்கப்பலகைகளில் பூசினான். மகன் சிரியாக்கோவுக்கு அப்போது எட்டு வயது. "அப்பா, வானமே நம்ம வண்டியில வருது" என்று குதித்தான்.

அந்தக் காலத்தில் பியூனஸ் அயர்ஸை ஆண்டவருடைய கட்சி நிறம் சிவப்பு. ஆண்கள் மார்பில் சிவப்பு, பெண்கள் தலையில் சிவப்பு, குதிரையின் நெற்றியில் சிவப்பு. நீலம் எதிரிகளின் நிறம். இது பவுத்திஸ்தாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் வண்டிக்கு யார் கட்சி பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டான். மொயானோ பார்த்தான். அப்போது அவன் காவல்படையில் துணை அதிகாரி, மேலே ஏற வழி தேடிக்கொண்டிருந்தவன். பவுத்திஸ்தாவை வண்டியோடு ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். விசாரணை இல்லை. துப்பாக்கிக் குண்டைக்கூட வீணாக்கவில்லை. கத்திதான்.

உடலை அவள்தான் ஓடைத் தண்ணீரில் கழுவினாள். நான் கூட இருந்தேன். அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். பெற்றவளும் ஞானத்தாயும் எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம், கூடப் பிறந்தவர்களைவிட நெருங்கிய உறவு அது. அவள் அழவில்லை. "கொமாத்ரே, பையனை அந்தப் பக்கம் திருப்பி வை" என்று மட்டும் சொன்னாள். நான் திருப்பி வைத்தேன். அவன் பார்த்துவிட்டிருந்தான்.

பதினொரு வருடம் கழித்து அந்த ஆட்சி விழுந்தது. வடக்கே என்ட்ரே ரியோஸிலிருந்து தளபதி படையோடு வந்தார், சிவப்புக் கட்சி ஆட்சியாளர் கப்பல் ஏறி ஓடிவிட்டார். ஊரெல்லாம் மணி அடித்தது. இனி மொயானோவைத் தொழுமரத்தில் பார்ப்போம் என்று நானும் சத்துர்னீனாவும் முற்றத்துக்கே போய் நின்றோம். மொயானோ வெளியே வந்தான். மார்பில் இருந்த பழைய சின்னத்தைக் கழற்றிவிட்டுப் புதுத் தளபதியின் சின்னத்தைக் குத்தியிருந்தான். எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

"விடுதலை வந்துடுச்சு, அம்மணிகளே" என்றான்.

சத்துர்னீனா துப்பினாள். ஆட்சி மாறியது, நாற்காலி மாறவில்லை. இதைவிடப் பெரிய அக்கிரமத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை என்று அன்று நினைத்தேன். பின்னால் அதையும் கண்டேன்.

என் கணவர் சந்திமுனையில் சாராயக்கடையும் பலசரக்கும் வைத்திருந்தார். மே மாதத்துக் குளிரில் ஒரு மாலை கடைக்குள் அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, வெந்நீர் ஊற்றிய கசப்பு இலைச்சாறான மாத்தே குடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வயது சிரியாக்கோதான் கெண்டியைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். முதல் கசப்பை ஊற்றுபவன் குடிக்க வேண்டும். பிறகு வட்டத்தில் ஒருவர் விடாமல் முறைப்படி போக வேண்டும். எதிரியே வந்து உட்கார்ந்தாலும் அவன் முறை அவனுக்கு உண்டு. ஒருவரைத் தாண்டிக் கொடுத்தால் அவர் முகத்தில் அறைந்ததற்குச் சமம்.

மொயானோ உள்ளே வந்தான்.  அவன் ஒரு முக்காலியை இழுத்து வட்டத்தில் உட்கார்ந்தான். குடுவை சுற்றி வந்தது. அவன் கையை நீட்டினான். சிரியாக்கோ அதை அவனைத் தாண்டி அடுத்தவனிடம் நீட்டினான்.

அடுத்தவன் வாங்கவில்லை. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான், பாவம்.

"தம்பி, என் முறை தப்பிடுச்சு போல" என்றான் மொயானோ.

"தப்பல, தோன் எவாரிஸ்தோ. உங்க கை அழுக்கா இருக்கு. குடுவை கறைபடும்."

ஆண்களைத் தோன், பெண்களைத் தோன்யா என்பது எங்கள் ஊர் மரியாதை; அந்த மரியாதை மட்டும் அவன் வாயில் குறையவில்லை. மொயானோ இரண்டு கைகளையும் அடுப்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்படியா? பதினோரு வருஷமா கழுவிக்கிட்டுத்தானே இருக்கேன்."

எழுந்து போய்விட்டான். என் கணவர் சிரியாக்கோவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "முட்டாப்பயலே, ஒரு வாய் மாத்தே கொடுத்திருந்தா உன் சொத்து போயிருக்குமா? இன்னிக்கே ஓடைய தாண்டிப் போயிடு."

"நான் எதுக்கு ஓடணும், ஞானப்பா? கத்தி பிடிச்சவன்தான் ஓடணும்."

மறுநாள் விடியும்போது சிப்பாய்கள் வந்தார்கள். வேலையில்லாமல் திரியும் நாடோடி என்று அவன்மேல் குற்றம். எங்கள் வட்டாரத்தில் ஒரு ஏழையைப் பிடித்துக் கட்டாயப் பட்டாளத்தில் தள்ள இந்த ஒரு வார்த்தை போதும். கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். அடுத்த வண்டியில் தெற்கே எல்லைக் கோட்டைக்கு அனுப்புவதாகத் தீர்ப்பு. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

அந்த வாரம்தான் பக்கத்தில் இருந்த சான் நிக்கோலாஸில் கவர்னர்கள் கூடினார்கள். நாட்டின் மாகாணங்களிலிருந்து குதிரையிலும் வண்டியிலும் வந்து இறங்கினார்கள். இத்தனை வருடம் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டவர்கள் ஓர் ஒப்பந்தம் போட்டு, அதை வைத்து நாட்டுக்கே ஓர் அரசியல் சட்டம் எழுதப் போகிறார்களாம். ஊரில் கோழி மிஞ்சவில்லை, மெழுகுவர்த்தி மிஞ்சவில்லை. காரியதரிசிகள் தங்கிய வீட்டில் என் அத்தை மகள்தான் சமையல்காரி. ஆள் போதவில்லை என்று சொல்லி அனுப்பினாள். நான் மாவு பிசையப் போனேன். சத்துர்னீனா மாத்தே ஊற்றப் போனாள்.

போகும் வழியில் அவளிடம் சொன்னேன், "அங்க போய் கோபத்தைக் காட்டாத, கொமாத்ரே. கெஞ்சு. கால்ல விழு. பையனுக்காக."

"என் முழங்காலுக்கு அந்த வழக்கம் இல்ல."

"கத்துக்கோ."

"சரி, பாக்கறேன்" என்றாள். அவள் மகனுக்காக எதையும் செய்திருப்பாள். ஆனால் அது அவளால் முடியாத ஒன்று.

நீண்ட மேசை. காகிதங்கள். கைவிரல்களில் மையோடு ஐந்தாறு படித்த ஆண்கள். அவர்களில் இளையவர் வடக்கு மாகாணம் ஒன்றிலிருந்து வந்த டாக்டர் தோரிபியோ லூனா. சட்டம் படித்தவர். ஒட்டிய கன்னம், நல்ல கண்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. சத்துர்னீனா சுவரோரமாக நின்று ஒவ்வொருவருக்காய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சுட்ட பலகாரத்தைத் தட்டில் ஏந்தி வாசலில் நின்றேன்.

"எல்லா மாகாணமும் சமம். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு பிரதிநிதி. பெரிசு, சின்னதுன்னு பேச்சே இல்ல" என்றார் லூனா. "ஒரு மாகாணத்துலேர்ந்து இன்னொண்ணுக்குச் சரக்கு போனா நடுவுல வரி கிடையாது. கேட்டியா தோன்யா, உங்க ஓடைய இனி வண்டிங்க சும்மா கடக்கலாம்."

"வண்டி கடக்கும். மனுஷன் கடப்பானா?" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்தார். "மனுஷனுக்கும்தான். அடுத்த வருஷம் சாந்தா ஃபேயில சட்டசபை கூடும். அரசியல் சட்டம் வரும். அப்புறம் யாரும் யாரையும் சவுக்கால அடிக்க முடியாது. யாரையும் விசாரணை இல்லாம பிடிக்க முடியாது."

"அடுத்த வருஷமா?"

"அடுத்த வருஷம்."

அவள் கெண்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். குடுவையை அதன் பக்கத்தில் வைத்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

மேசையின் கோடியில் இருந்த பருத்த காரியதரிசி ஒருவர், "என்ன தோன்யா, தண்ணி ஆறிப்போகுதே" என்றார்.

"ஆறட்டும்."

"மாத்தே இல்லாம நாங்க எப்படிச் சட்டம் எழுதறது? தூங்கிடுவோம்."

"தூங்குங்க. என் பையன் ஆறு நாளா தூங்கல. கால் தொழுமரத்துல இருந்தா தூக்கம் வராது. மாகாணத்துக்கு ரெண்டு பேர், மாகாணத்துக்கு ரெண்டு பேர்னு காலையிலேர்ந்து படிக்கறீங்க. தொழுமரத்துல கெடக்கறவனுக்கு எத்தனை பேரு? ஒருத்தன் இருக்கானா? அவங்கப்பன் கழுத்தை அறுத்தவன்தான் இன்னிக்கும் அங்க நீதிபதி. அவன் இப்ப இந்த வீட்டுத் தாழ்வாரத்துல தொப்பிய கையில வெச்சுக்கிட்டு நிக்கறான், எந்த கவர்னராவது பார்த்துச் சிரிப்பாரான்னு. போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து மிச்சத்த எழுதுங்க."

என் கையிலிருந்த பலகாரத் தட்டு சரிந்து இரண்டு கீழே விழுந்தன. யாரும் அவளை அதட்டவில்லை. பருத்தவர் மட்டும், "சரிதான், இந்த அம்மாவையும் பிரதிநிதியா அனுப்பிடலாம்" என்று முணுமுணுத்தார்.

லூனா எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். அவள் பின்னால் போனாள், நான் அவளுக்குப் பின்னால். மொயானோ அங்கேதான் நின்றான். காலணியைத் துடைத்து மினுக்கியிருந்தான்.

"உங்க தொழுமரத்துல ஒரு பையன் இருக்கானாமே?" என்றார் லூனா.

"நாடோடிப் பையன், டாக்டர். வேலை வெட்டி இல்லாத குடும்பம்."

"வேலை இல்லையா? அவங்கம்மா எங்களுக்கு மாத்தே ஊத்தறாங்க. அவங்க நிறுத்தினா நாட்டோட அரசியல் சட்டமே நின்னு போகுது. இதைவிட என்ன வேலை வேணும் உங்களுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மொயானோவும் சிரித்தான், சிரிக்காமல் என்ன செய்வான்? அன்று மதியமே சிரியாக்கோ வெளியே வந்தான். கணுக்கால்கள் வீங்கி, நடக்க முடியாமல், என் தோளிலும் தாய் தோளிலும் தொங்கிக்கொண்டு வந்தான். ஒப்பந்தம் கையெழுத்தானபோது நாங்கள் மூவரும் தெருவில் நின்றோம். மணிகள் முழங்கின. சத்துர்னீனாவின் முகத்தில் கோபம் இல்லாமல் நான் பார்த்த நாள் அது. எத்தனை அழகான முகம் அது என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

அந்த அழகு செப்டம்பர் வரைக்கும்தான் நீடித்தது.

பியூனஸ் அயர்ஸின் பெரிய மனிதர்கள் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம் என்றார்கள். துறைமுகமும் சுங்கமும் எங்களுடையது, உப்புமண் மட்டும் விளையும் மாகாணத்துக்கும் எங்களுக்கும் ஒரே எண்ணிக்கையா என்றார்கள். புரட்சி செய்து தனியே பிரிந்தார்கள். எங்கள் மாகாணத்தில், எங்கள் பக்கத்து ஊரில், எங்கள் கையால் சுட்ட பலகாரத்தைத் தின்று எழுதிய ஒப்பந்தம். அதை மற்ற எல்லா மாகாணமும் ஏற்றுக்கொண்டது. எங்கள் மாகாணம் மட்டும் கிழித்துப் போட்டது. யாரிடம் போய் முறையிடுவது?

மொயானோ தளபதியின் சின்னத்தைக் கழற்றிவிட்டு மூன்றாவது சின்னத்தைக் குத்திக்கொண்டான். புதுப் படைக்கு ஆள் வேண்டுமாம். முதல் ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

சிரியாக்கோவைப் பிடிக்க வருகிறார்கள் என்று கடைக்கு வந்த ஒரு சிப்பாய் போதையில் உளறியதை என் கணவர் கேட்டுவந்து சொன்னார். பால் கறக்கும் நேரத்தில் தாயும் மகனும் ஓடைக்குப் போனார்கள். முந்தின நாள் மழை. தண்ணீர் இடுப்பளவு, பழுப்பாக ஓடியது. சிரியாக்கோ குதிரையோடு பாதி கடந்தபோது மொயானோ சிப்பாய்களோடு கரைக்கு வந்துவிட்டான். சத்துர்னீனா பாவாடையோடு தண்ணீரில் இறங்கித் துறையின் நடுவே நின்று, மொயானோவின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். குதிரை தலையை உதறியது. அவள் விடவில்லை.

"விடு, சத்துர்னீனா. அவன் ஓடுகாலிச் சிப்பாய்."

"எப்படா சிப்பாய் ஆனான்? பால் குடிச்ச வாய் இன்னும் காயல. ஒப்பந்தம் போட்டாங்களே, எல்லா மாகாணமும் ஒண்ணுன்னு? இந்தக் கரையிலதானடா எழுதினாங்க."

"எழுதினது இங்க. செல்லுபடியாகறது அங்க" என்று அவன் சவுக்கால் எதிர்க்கரையைக் காட்டினான். "இந்தக் கரையில நான்தான்."

அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததிலேயே நிஜமான வாக்கியம். சவுக்கு அவள் தோளில் விழுந்தது. மீண்டும் விழுந்தது. எதிர்க்கரையில் ஏறிவிட்ட சிரியாக்கோ குதிரையைத் திருப்பினான்.

"வராதடா" என்று அவள் கத்தினாள். "வந்தா நீ என் பிள்ளையே இல்ல. போ."

அவன் நின்றான். தாய் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மகன் அக்கரையில் நிற்பது என்ன கொடுமை என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? அன்று மாலைவரை சத்துர்னீனாவின் கால்கள் மகன் கிடந்த அதே தொழுமரத்தில் கிடந்தன. நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

"அழாத, கொமாத்ரே. அவன் தப்பிச்சிட்டான். இது எனக்குப் பட்டுமெத்தை" என்றாள்.

அதன்பிறகு துறையில் காவல் போட்டார்கள். ஓடுகாலியின் தாய் அக்கரைக்குப் போகக்கூடாது, அவன் இக்கரையில் கால் வைத்தால் சுடலாம். நிலத்தை விற்றுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பக்கம் போய்விடேன் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "என் புருஷனை எடுத்தான். பிள்ளைய எடுத்தான். வீட்டையும் நானே தூக்கிக் கொடுக்கணுமா? என் பையன் இந்த வீட்டுக்குத்தான் வரணும். இந்த வாசல் வழியாத்தான் வரணும்" என்பாள். அது ஒன்றுக்காகத்தான் அவள் உயிரை வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் தாய் இக்கரையில், மகன் அக்கரையில். கத்திக் கத்திப் பேசுவார்கள். காவல்காரனும் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் நல்லவன், சில நேரம் அவளுக்குச் சரியாகக் கேட்காததைத் திருப்பிச் சொல்வான்.

மறுவருடம் ஜூலையில் ஒரு ஞாயிறு சிரியாக்கோ வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து நின்றான்.

"அம்மா, சட்டம் வந்துடுச்சு. கோயில்ல பாதிரியார் முழுசா படிச்சார். எல்லாரும் சத்தியம் பண்ணினோம்."

"சவுக்கைப் பத்தி என்ன சொல்லுது?"

"சவுக்கடி என்னைக்கும் கிடையாதாம். சித்திரவதை கிடையாதாம். கட்சிக்காக யாரையும் கொல்லக்கூடாதாம். இன்னொண்ணு இருக்கும்மா." அவன் தண்ணீரின் விளிம்புவரை இறங்கி வந்தான். "ஈட்டியாலயும் கத்தியாலயும் ஆளைக் கொல்றது என்னைக்கும் கூடாதாம். அப்படியே எழுதியிருக்காங்க. ஈட்டி, கத்தின்னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க."

அவள் அசையவில்லை. "திரும்பச் சொல்லு."

அவன் சொன்னான்.

"திரும்ப."

காவல்காரன் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்துர்னீனா மண்ணில் உட்கார்ந்தாள். பவுத்திஸ்தாவைக் கழுவிய அன்று வராத அழுகை அன்று வந்தது. அவள் புருஷனுக்கு நடந்தது அக்கிரமம் என்று ஒரு நாடு எழுதி ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த நாடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஏழு வருடம் இப்படிப் போனது. இரண்டு படைகளும் எங்கள் வட்டாரத்திலேயே மோதின. அவள் சோளக்காட்டைக் குதிரைகள் மிதித்துப் போயின. அந்தச் சண்டையில் பியூனஸ் அயர்ஸ் தோற்றது. சரி, நாட்டோடு சேருகிறோம், ஆனால் முதலில் அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்து எங்களுக்குப் பிடிக்காததைத் திருத்துவோம் என்றார்கள். திருத்தினார்கள். அக்டோபரில் எல்லா ஊரிலும் சத்தியப் பிரமாணம் என்று அறிவித்தார்கள்.

லாஸ் எஸ்பினியோஸில் சட்டத்தைப் படித்து மக்களிடம் சத்தியம் வாங்கப் போவது யார்? எவாரிஸ்தோ மொயானோ. தலை நரைத்து, வயிறு பெருத்து, மார்பில் வெள்ளையும் வான நீலமும் கலந்த நாட்டுச் சின்னத்தோடு கோயில் முற்றத்தில் மேசை போட்டு நின்றான். நீலம். எந்த நீலத்துக்காக பவுத்திஸ்தாவைக் கொன்றானோ அதே நீலம். 

காவல் எடுக்கப்பட்டிருந்தது. சிரியாக்கோ ஓடையைக் கடந்து வந்து கூட்டத்துக்கு வெளியே குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு வயது, தாடி. அப்பனையே உரித்து வைத்திருந்தான். கீழே இறங்கவில்லை. கடிவாளத்தைக் கையில் சுற்றியிருந்தான். ஒரு சின்னச் சத்தம் போதும், திரும்பிப் பாய்ந்துவிடுவான் போல. சத்துர்னீனா அவனைப் பார்த்தாள், கிட்டப் போகவில்லை. முன்வரிசையில் போய் நின்றாள்.

மொயானோ படித்தான். அவன் திக்கித் திக்கிப் படிக்க, வெயில் ஏறியது. அந்த இடம் வந்தது.

"கட்சிக் காரணங்களுக்காக மரண தண்டனை, எல்லாவித சித்திரவதை, சவுக்கடி ஆகியவை என்றென்றைக்கும் ஒழிக்கப்படுகின்றன." அடுத்ததற்குப் போனான்.

"நில்லு" என்றாள் சத்துர்னீனா.

கூட்டம் திரும்பியது.

"ஒண்ணை விட்டுட்ட. ஈட்டி, கத்தின்னு வரும். அதைப் படி."

"அது இதுல இல்ல, தோன்யா."

"இருக்கு. ஏழு வருஷமா எனக்கு மனப்பாடம். படி."

மொயானோ காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான். அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் நின்ற பாதிரியார் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "இல்லம்மா. பியூனஸ் அயர்ஸ்ல திருத்தினப்போ எடுத்துட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க படிச்சா நம்ம நாட்டுல இப்படியெல்லாம் நடந்துச்சான்னு கேப்பாங்க, அவமானம்னு."

"அவமானமா?" அவள் குரல் தாழ்ந்தது. அவள் கத்தியபோதெல்லாம் நான் பயந்ததில்லை, அப்போது பயந்தேன். "செஞ்சப்போ வராத அவமானம், எழுதினப்போ வந்துதா?"

 மொயானோ நெற்றியைத் துடைத்தான்.

"அந்தப் பெரிய புத்தகத்துல என் பவுத்திஸ்தாவுக்குன்னு இருந்தது அந்த ஒரே வரி. அதையும் அழிச்சுட்டீங்க. சரி. நான் சொல்றேன், எல்லாரும் கேளுங்க." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னாள். ஈட்டியாலும் கத்தியாலும் கொல்வது என்றென்றைக்கும் ஒழிக்கப்படுகிறது. தேவாலயத்தில் செபம் சொல்லும் குரலில், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பிறகு மொயானோவிடம் திரும்பினாள்.

"சவுக்கு வரி இருக்குதானே?"

"இருக்கு."

"அதைத் திரும்பப் படி. என்னைப் பாத்து இல்ல. அதோ குதிரைமேல இருக்கான் பாரு என் பிள்ளை, அவனைப் பாத்துப் படி. நீ படிச்சாத்தான் நான் சத்தியம் பண்ணுவேன்."

"தோன்யா, இது அரசாங்க விழா..."

"படிங்க, தோன் எவாரிஸ்தோ" என்றார் என் கணவர் பின்னாலிருந்து. "படிங்க" என்று வேறொரு குரல். பழைய காவல்காரன் குரல் போல இருந்தது. பிறகு முற்றம் முழுவதும் அதே சொல்.

மொயானோ காகிதத்தைத் தூக்கிப் பிடித்தான்.  கூட்டத்தின் தலைகளுக்கு மேல் சிரியாக்கோவைப் பார்த்து, சவுக்கடி என்றென்றைக்கும் ஒழிக்கப்படுகிறது என்று படித்தான்.

"கேட்டுச்சாடா?" என்று அவள் கத்தினாள்.

"கேட்டுச்சும்மா."

"இப்ப சத்தியம் பண்றேன்" என்று வலது கையைத் தூக்கினாள். துப்பவில்லை. ஆனால் அவனை மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. கழுத்தை அறுத்தவனைக்கொண்டே சட்டத்தைப் படிக்க வைத்த நாட்டை எதற்காக மன்னிப்பது?

விழா முடிந்து வீட்டுக்கு நடந்தோம். சிரியாக்கோ குதிரையை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான். வாசலில் இறங்கினான். எட்டு வருடமாக மிதிக்காத மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தான். சேணத்தைக் கழற்றி, வெளியே வேலிக்கட்டையின்மேல் போட்டான்.

சத்துர்னீனா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அதை எதுக்கு அங்க போடற?" என்றாள் கடுகடுப்பாக. "உள்ள கொண்டு வா. வெளிய கெடந்தா இப்பவே கிளம்பப் போறவன் மாதிரி இருக்கு."

அவன் சேணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, குனிந்து, வாசல் வழியாக உள்ளே போனான்.